துள்ளாத ஜெல்: என் அனுபவம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் செம்பனைத் தோட்டத்துச் சாலையில் மோட்டார் குலுக்குகிற குலுக்கலுக்கு, கைப்பேசிக்கு அடியில் வைக்க ஜெல் மெத்து ஒன்று செய்தேன். பாலிவினைல் ஆல்கஹால் என்ற, நீரில் கரையும் பிளாஸ்டிக்கைச் சுடுநீரில் 10 சதவீதம் கரைத்து, ஐஸ்பெட்டியில் உறையவிட்டு, இளக்கி, மறுபடி உறையவைத்து இளக்கினால் ரப்பர்போல் ஆகிவிடும். உறையும்போது அதன் நீளமான மூலக்கூற்றுச் சங்கிலிகள் நெருங்கிக் குட்டிக் குட்டிப் படிகங்களாகக் கட்டிக்கொள்வதுதான் காரணம். ஆனால் பேரிங் குண்டைப் போட்டால் துள்ளியது; அந்தத் துள்ளல் கைப்பேசிக்கு ஆகாது. உறையவைக்காமல் வெறும் போராக்ஸ் (வெண்காரம்) சேர்த்தாலோ அடியை வாங்கும், ஆனால் வழிந்து பரவிவிடும். பிள்ளைகள் விளையாடும் ஸ்லைம் அதுதானே!

சரி, இரண்டும் இருக்கட்டும் என்று உறையவைத்து இளக்கிய ஜெல்லை நீர்த்த போராக்ஸ் கரைசலில் ஊறவைத்தேன். அடி விழுந்ததும், போராக்ஸ் சங்கிலிகளுக்கிடையே போட்ட போரேட் பிணைப்புகள் அறுந்து, ஆற்றலை வெப்பமாகக் கரைத்துவிட்டு, மறுபடி ஒட்டிக்கொள்ளும்; உருவத்தை மீட்பது படிகங்களின் வேலை. இப்போது குண்டு பொத்தென்று அடங்குகிறது, குழி மெல்ல நிமிர்கிறது. அப்புறம், நீர் வற்றாமலிருக்க பிளாஸ்டிக்கில் இறுக்கிச் சுற்றிவிட்டேன்.