சோதனைப் படங்கள் எடுத்த ஒரு பெண்ணைப் பற்றி ஆவணப்படம்: முதல்முறை எடுப்பவர்களுக்கு

ஒரு பெண் இயக்குநரைப் பற்றி ஆவணப்படம் எடுக்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, அவருடைய படங்களை ஷாட் ஷாட்டாக நிறுத்தி நிறுத்திப் பார்த்தீர்களா என்பதைத்தான். பிறந்த ஊர், திருமணம், விருது எல்லாம் தேடினால் கிடைத்துவிடும். அந்த மனுஷி உலகத்தை எப்படிப் பார்த்தார் என்பது படங்களுக்குள் மட்டும்தான் இருக்கிறது, வழக்கமான கதைப்பாணியை விட்டு விலகிச் சோதனைப் படம் எடுத்தவர் என்றால் இன்னும் அதிகமாக.

இங்கே சோதனைப் பட இயக்குநர் மாயா டெரனை வைத்தே சொல்கிறேன். 1917-ல் கீவ் நகரில் பிறந்து, 1922-ல் குடும்பத்தோடு அமெரிக்கா போனவர். ஹாலிவுட்டுக்குப் பக்கத்திலேயே முதல் படத்தை எடுத்து, ஹாலிவுட்டுக்கு எதிர்த்திசையில் போனவர். அவர் முடித்த முக்கியமான ஆறு குறும்படங்களையும் சேர்த்தால் ஒன்றேகால் மணி நேரம்தான் வரும். மார்ட்டினா குட்லாச்செக் அவரைப் பற்றி எடுத்த ‘இன் தி மிரர் ஆஃப் மாயா டெரன்’ ஆவணப்படம் அதைவிட நீளம். முதல்முறை எடுப்பவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய படம் அது.

படி 1: படங்களைப் பிரித்துப் பாருங்கள்

ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு படத்தை மட்டும் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரு வரி எழுதுங்கள்: எங்கே தொடங்குகிறது, எங்கே வெட்டுகிறது, உடம்பு எந்தப் பக்கம் நகர்கிறது. இது அலுப்பான வேலைதான், ஆனால் இதைத் தவிர்த்துவிட்டு எடுத்த படங்களைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

டெரனும் அவர் கணவர் அலெக்சாண்டர் ஹம்மிடும் 1943-ல் லாஸ் ஏஞ்சலிஸில் தாங்கள் குடியிருந்த வீட்டிலேயே எடுத்த ‘மெஷஸ் ஆஃப் தி ஆஃப்டர்நூன்’ 14 நிமிடம். அதில் கையில் கத்தியோடு ஒரு பெண் எழுந்து நடக்கிறாள். முதல் அடி கடற்கரை மணலில் விழுகிறது. அடுத்தது புல்லில், அப்புறம் நடைபாதையில், கடைசி அடி வீட்டுக்குள் விரித்த கம்பளத்தில். நடை ஒன்றுதான், இடங்கள் வேறு. அறையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போவதற்குள் அவள் எவ்வளவு தூரம் கடந்து வந்துவிட்டாள் என்பதை ஒரு வசனம்கூட இல்லாமல் அந்தப் பாதங்கள் சொல்லிவிடுகின்றன. 1945-ல் டாலி பீட்டி என்ற நடனக் கலைஞரை வைத்து எடுத்த சிறு படத்திலும் இதே கைவேலை இருக்கிறது. காட்டில் தூக்கிய காலை அவர் ஒரு வீட்டு அறையில் ஊன்றுகிறார்.

இதை எழுதிப் பார்த்தவருக்கு ஒன்று பிடிபடும். டெரனுக்கு இடத்தையும் காலத்தையும் ஒட்டவைக்கும் பசை உடலசைவுதான். உங்கள் ஆவணப்படத்தை எப்படி வெட்டுவது என்பதற்கான முதல் குறிப்பு இங்கேயே கிடைத்துவிடுகிறது.

படி 2: பக்கத்தில் இருந்தவர் வழியாக உள்ளே போங்கள்

குட்லாச்செக் டெரனிடம் நேராக வரவில்லை. 1996-லேயே ஹம்மிட் பற்றி ஒரு படம் எடுத்திருந்தார். ஒளிப்பதிவாளர், எடிட்டர், ஸ்கிரிப்டைத் தட்டச்சு செய்தவர், படத்தில் ஒரே ஒரு காட்சியில் நடித்தவர் என்று யார் வழியாகவும் தொடங்கலாம். இவர்களிடம் யாரும் இதற்கு முன் கேட்டிருக்க மாட்டார்கள் என்பதால் மனப்பாடப் பதில் வராது.

படி 3: பேட்டி, வயதானவர்களிடம் முதலில்

இதில் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். காமிரா நல்லதாக வாங்கிய பிறகு, நிதி வந்த பிறகு என்று காத்திருக்க வேண்டாம். குட்லாச்செக்கின் படத்தில் பேசும் சோதனைப் பட இயக்குநர் ஸ்டான் பிராக்கேஜ் 2003-ல் இறந்தார், ஹம்மிட் 2004-ல், டெரனைச் செயலாளராக வைத்திருந்த நடனக் கலைஞர் காத்தரின் டன்ஹம் 2006-ல். படம் 2001-ல் முடிந்தது. சில வருடம் பிந்தியிருந்தால் அந்தக் குரல்களை யார் கேட்டிருப்பார்கள்?

செல்போனில் எடுத்தாலும் பரவாயில்லை, சட்டையில் குத்தும் காலர் மைக் மட்டும் கட்டாயம். ஃபேனை நிறுத்திவிடுங்கள். பேட்டி முடிந்ததும் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் அறையின் வெறும் சத்தத்தைப் பதிவு செய்யுங்கள், எடிட்டிங்கில் வெட்டிய இடங்களை மறைக்க அது உதவும். “அவரைப் பற்றிச் சொல்லுங்க” என்று கேட்டால் புகழ்மாலைதான் வரும். “அன்னிக்கு விளக்கை எங்க வெச்சாங்க, யார் பிடிச்சிருந்தாங்க?” என்று கேளுங்கள். கை செய்த வேலையைக் கேட்டால் ஞாபகம் தானாகத் திறக்கும்.

படி 4: அவர் குரலைத் தேடுங்கள்

டெரன் நிறையப் பேசியவர், எழுதியவர். ஊர் ஊராகப் போய்ப் படத்தைத் திரையிட்டு உரையாற்றியவர். அந்தப் பழைய ஒலிப்பதிவுகள் ஆவணப்படத்தில் வரும்போது, பின்னணிக் குரல் கொடுக்க இன்னொருவர் எதற்கு என்று தோன்றிவிடுகிறது. கேசட், கடிதம், வானொலிப் பேட்டி, கல்லூரி விழா வீடியோ எதையும் விடாதீர்கள். கிடைத்த அன்றே இரண்டு ஹார்ட் டிஸ்கில் நகல் எடுத்துவிடுங்கள். யாருக்கு உரிமை, யார் அனுமதி தர வேண்டும் என்பதையும் அதே நாளில் எழுதி வையுங்கள்.

முடிக்காத வேலையையும் கேளுங்கள். டெரன் 1947 முதல் ஹெய்ட்டிக்குப் பலமுறை போய் அந்நாட்டு மக்களின் வூடூ மதச் சடங்குகளைப் படம்பிடித்தார். சுமார் 18,000 அடி 16 எம்.எம். ஃபிலிம், வினாடிக்கு 24 சட்டகம் என்று ஓட்டினால் எட்டு மணி நேரத்துக்கு மேல். அதை அவர் படமாக்கி முடிக்கவே இல்லை. 1953-ல் புத்தகமாகத்தான் எழுதினார். இறந்த பிறகு மற்றவர்கள் அதைத் தொகுத்து ஒரு படமாக்கினார்கள். ஆனால் அதை டெரன் எடுத்த படம் என்று போடக் கூடாது. டெரன் பிடித்த காட்சிகள், வெட்டியவர்கள் வேறு என்று திரையிலேயே சொல்லிவிடுங்கள்.

படி 5: எடிட்டிங்கில் இரண்டு பள்ளங்கள்

முதலாவது, வாழ்க்கையை வைத்துப் படத்துக்குப் பதவுரை எழுதுவது. ‘மெஷஸ்’ எடுத்த அதே 1943-ல்தான் டெரனின் அப்பா இறந்தார், அவர் விட்டுப்போன பணத்தில்தான் பழைய போலெக்ஸ் காமிரா வாங்கினார். உடனே படத்தில் வரும் சாவி, கத்தி, கண்ணாடி முகம் எல்லாம் அப்பாவின் மரணம் என்று ஒரு பேராசிரியரைப் பேசவைத்து, மேலே படத்தின் துண்டுகளை ஒட்டினால் பார்ப்பவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது போல இருக்கும், படம் மட்டும் செத்துப்போகும். துண்டு காட்டுவதென்றால் குறைந்தது 30 வினாடி முழுதாக ஓடவிடுங்கள், மேலே யாரும் பேச வேண்டாம். ‘மெஷஸ்’ முதலில் மௌனப்படம், டெய்ஜி இட்டோவின் இசை 1959-ல்தான் சேர்ந்தது. அப்படியிருக்க நாம் புதிதாக ஒரு சோக வயலினைச் சேர்ப்பது அநியாயம்.

இரண்டாவது, கட்டுக்கதை. டெரன் 1961-ல் மூளையில் ரத்தக்கசிவால் இறந்தார், வயது 44. அதை வூடூ சாபம் என்று சொல்லும் கதை இன்னும் சுற்றுகிறது. பெண், அதிலும் யாருக்கும் அடங்காத பெண் என்றால் இப்படி ஒரு கதை எப்படியோ முளைத்துவிடுகிறது. பேட்டியில் யாராவது சொன்னால், சொன்னவர் முகத்தோடு வையுங்கள். உங்கள் படத்தின் குரலாக அது வரக் கூடாது.

‘மெஷஸ்’ யாருடைய படம் என்ற சண்டையும் உண்டு, பாதிப் புகழை ஹம்மிடுக்குக் கொடுக்க வேண்டும் என்பவர்கள் இருக்கிறார்கள். தலைப்பு அட்டையில் இருவர் பெயரும் இருக்கிறது. அந்த அட்டையைக் காட்டிவிட்டு, டெரன் தன் இயக்கத்தில் அடுத்தடுத்து எடுத்த படங்களுக்குப் போய்விடுங்கள், வேறு வாதம் தேவைப்படாது.

படி 6: திரையிடல்

1946 பிப்ரவரியில் டெரன் நியூயார்க்கின் பிராவின்ஸ்டவுன் பிளேஹவுஸ் அரங்கை எடுத்துத் தன் படங்களைத் தானே திரையிட்டார். அதைப் பார்த்த உந்துதலில்தான் ஏமோஸ் வோகல் ‘சினிமா 16’ திரைப்படச் சங்கம் தொடங்கினார். விழாவுக்கு அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் பதிலுக்குக் காத்திருக்காமல், ஒரு புரொஜெக்டர், 50 நாற்காலி போடும் ஒரு கூடம் பாருங்கள். முதல் காட்சிக்குப் பேட்டி கொடுத்தவர்களைக் கூப்பிடுங்கள், உங்கள் படத்துக்கு முன்னால் அவருடைய படம் ஒன்றை முழுதாக ஓட்டுங்கள். வெட்டிப்போட்ட பேட்டிகளை அழிக்காமல், பேர் தேதி எழுதி ஒரு நூலகத்திலோ காப்பகத்திலோ கொடுத்துவிடுங்கள், இதே ஆளைப் பற்றி அடுத்துப் படம் எடுக்க வருபவருக்கு அது வேண்டியிருக்கும்.