பழைய அம்பாசிடர் கதவு சாத்தினால் நிற்கவில்லையா?

ஓங்கி அறையாதீர்கள். முதலில் கதவைத் திறந்து, கைப்பிடிப் பக்கம் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஆடினால் கீல் ஆணி தேய்ந்திருக்கிறது. அதை மாற்றாமல் வேறு எதைத் திருத்தியும் பயனில்லை. பலரும் இதைத்தான் கவனிக்காமல் விடுகிறார்கள்.

ஆட்டம் இல்லையா? சரி, கதவு திறந்திருக்கும்போதே பூட்டின் அசையும் பாகத்தை ஸ்க்ரூடிரைவரால் தள்ளிப் பாருங்கள். மந்தமாக நகர்ந்தால் உள்ளே பழைய கிரீஸ் இறுகியிருக்கும். மண்ணெண்ணெயால் கழுவி, லேசாக எண்ணெய் விடுங்கள். 2014-லேயே உற்பத்தி நின்றுவிட்ட வண்டி இது, நல்ல பூட்டை அவசரப்பட்டுக் கழற்றிப் போட்டுவிட வேண்டாம்.

அப்புறம்தான் வாசல் ஓரத் தூணில் உள்ள, பூட்டு வந்து மாட்டிக்கொள்ளும் கொக்கித் தகடு. இருக்கும் இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டு, திருகுகளைத் தளர்த்தி, 1 மி.மீ. நகர்த்தி முடுக்கிச் சாத்திப் பாருங்கள். புதிதாகப் போட்ட ரப்பர் பீடிங் (கதவு விளிம்பைச் சுற்றி வரும் ரப்பர் பட்டை) தடிமனாக இருந்தாலும் கதவை வெளியே தள்ளும்.