சாட்சி, சாட்சியம், வாக்குமூலம்: எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அண்ணா நகரில் ஒரு பயிற்சி மையத்தின் வாசலில் 'எங்கள் மாணவர்களின் சாட்சியங்கள்' என்று தட்டி வைத்திருந்தார்கள். கீழே வரிசையாகச் சிரித்த முகங்கள். பாவம், எந்த வழக்கில் கூண்டேறினார்களோ! பாராட்டிச் சொல்வது நற்சான்று. அது கனமாகத் தெரிந்தால் 'மாணவர்கள் சொல்கிறார்கள்' போதும்.

சாட்சியம் இன்று நீதிமன்றத்தோடு ஒட்டிப்போன சொல். அது ஆளைக் குறிக்காது. 'சாட்சியங்கள் இருவர் வந்தனர்' என்று எழுதினால், சொன்ன சொல்லே கால் முளைத்துப் பாரிமுனையில் பஸ் இறங்கியதாகிவிடும். சாட்சி அப்படியல்ல, ஆளும் சாட்சி, அவர் சொல்வதும் சாட்சி. ஞாயிற்றுக்கிழமை ஜெபக் கூட்டத்தில் சாட்சி சொல்ல எழுந்தவரை 'சாட்சியம் அளித்தார்' என்று திருத்திவிடாதீர்கள். காய்ச்சல் நீங்கிய கதைக்குக் குறுக்கு விசாரணை எதற்கு? வள்ளுவர் 25ஆம் குறளில் இந்திரனைச் சாட்சிக்கு அழைக்கும்போது 'கரி' என்கிறார். அந்தச் சொல்லை நாம் அடுப்போடு விட்டுவிட்டோம்.

அதிகம் அடிபடுவது வாக்குமூலம். செய்திகளில் படித்துப் படித்து, வாக்குமூலம் என்றாலே குற்றத்தை ஒப்புக்கொள்வது என்று நினைக்கிறோம். அது ஒப்புதல் வாக்குமூலம். பார்த்ததைப் போலீசாரிடம் சொல்பவரும் வாக்குமூலம்தான் கொடுக்கிறார். சாகும் தறுவாயில் சொல்வது மரண வாக்குமூலம். விசாரணையில் போலீசார் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில், சொன்னவரிடம் கையெழுத்து வாங்கக் கூடாது என்பது சட்டம். ஆகவே அதைக் 'கையெழுத்திட்ட சாட்சியம்' என்று எழுதுவது இரட்டைத் தவறு. போலீசாரிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டதை மட்டும் வைத்து நீதிமன்றம் தண்டிக்கவும் முடியாது.

1872ஆம் ஆண்டு இந்திய சாட்சியச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷிய அதினியம் இருக்கிறது. புதிய வழக்குக்குப் பழைய பெயரைப் போடாதீர்கள்.

பிறழ் சாட்சி வேறு, பொய்ச் சாட்சி வேறு. தன்னை அழைத்த தரப்புக்கு மாறாகப் பேசுபவர் பிறழ் சாட்சி. அவர் கூண்டில்தான் முதல்முறையாக உண்மை பேசுகிறார் என்றும் இருக்கலாம். நீதிமன்றத்தில் பொய்ச் சாட்சி சொல்வதோ ஏழாண்டு வரை சிறைக்குரிய குற்றம்.

தீர்ப்புகளில் வரும் 'அ.சா.3' என்பது மூன்றாவது அரசுத் தரப்புச் சாட்சி. அதை 'அரசு சாட்சியாக மாறியவர்' என்று விரித்தால் அப்ரூவர் என்றே பொருள்படும். கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தபோது சண்டையைப் பார்த்தவர், குற்றத்தில் பங்கெடுத்து மன்னிப்புப் பெற்றவராகிவிடுவார்.