சென்னையிலிருந்து ஒரு நாள்: மாமல்லபுரமா, காஞ்சியா?

வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் ஊருக்கு வந்தால் பாதி நாள் கல்யாணத்திலும் விருந்திலும் போய்விடும். மிச்சமிருக்கும் ஒரு நாளில் மாமல்லபுரம், காஞ்சிபுரம் இரண்டையும் முடித்துவிடலாம் என்று பலர் கிளம்புகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். காஞ்சிக் கோயில்கள் நண்பகல் வாக்கில் நடை சாத்தினால் மாலை நாலு மணிக்குத்தான் திறக்கும். வெயிலில் குழந்தைகளோடு பூட்டிய கதவைப் பார்த்து நிற்க நேரும்.

மாமல்லபுரம் சுமார் 55 கிலோமீட்டர். காலை 6 மணிக்கே திறந்துவிடுவதால் விடியும் முன் புறப்படுங்கள். கடற்கரைக் கோயிலும் ஐந்து ரதங்களும் ஒரே டிக்கெட். பாறையில் செதுக்கிய அர்ச்சுனன் தபசுக்குக் கட்டணமே இல்லை. அந்த டிக்கெட் இந்தியர்களுக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600. ஓசிஐ (வெளிநாடுவாழ் இந்தியக் குடிமக்கள்) அட்டை இருந்தால் இந்தியர்களுக்கான கட்டணம்தான், அசல் அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். திரும்பும் வழியில் முட்டுக்காடு அருகே தட்சிணசித்ரா இருக்கிறது. பழைய தென்னிந்திய வீடுகளை அப்படியே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். செவ்வாய் விடுமுறை. காணும் பொங்கலன்று மட்டும் இந்தப் பக்கமே வராதீர்கள், கூட்டம் தாங்காது.

என்னைக் கேட்டால், ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் காஞ்சியோடு உத்திரமேரூரைச் சேர்த்துப் போங்கள். காலையில் முதலில் கைலாசநாதர் கோயில். எட்டாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் ராஜசிம்மன் கட்டியது. சுற்றுமதிலை ஒட்டி வரிசையாகச் சிறு சன்னதிகள், அவற்றில் சிலவற்றில் பழைய ஓவியத்தின் மிச்சம் இன்னும் தெரியும். பெரிய கோயில்களின் நெரிசல் இங்கே இல்லை. அடுத்து வைகுண்டப் பெருமாள் கோயில். பல்லவர் வரலாற்றையே திருச்சுற்றில் சிற்பமாக வடித்திருக்கிறார்கள். நடை சாத்திய நேரத்தைப் பட்டுப்புடவைக்கு ஒதுக்குங்கள். கூட்டுறவுச் சங்கக் கடைகளில் நிதானமாகப் பார்க்கலாம், அசல் பட்டு என்பதற்கான சில்க் மார்க் முத்திரை இருக்கிறதா என்று கவனியுங்கள்.

நாலு மணிக்கு உத்திரமேரூர் போய்ச் சேருங்கள். அங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில்தான் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் உள்ளன. ஆண்டு 919, 921. ஊர்ச் சபைக்கு ஆள் தேர்ந்தெடுத்த முறையை அவை சொல்கின்றன. போட்டியிட வயது 35க்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும். பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் நிற்க முடியாது. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு ஒரு சிறுவனை எடுக்கச் சொல்வார்கள். இதைக் கோயிலுக்குள் போகும் முன்பே பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள். அது பிராமணர் ஊரின் சபை, எல்லோருக்கும் இடமில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். வெளிநாட்டில் வளரும் பிள்ளை ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய கல்லில் தனக்குத் தெரிந்த ஓர் எழுத்தைத் தேடிப் பிடிக்கட்டும். அந்தச் சந்தோஷத்துக்காகவே இவ்வளவு தூரம் போகலாம்.

திரும்பும்போது செங்கல்பட்டு வழியாக வரலாம். டிசம்பர், ஜனவரியில் வருபவர்கள் இன்னொரு நாள் வேடந்தாங்கலுக்குப் போகலாம். ஜூலை, ஆகஸ்ட் விடுமுறையில் அங்கே பறவைகளை எதிர்பார்க்க வேண்டாம்.

அப்புறம், வாடகை கார். கிலோமீட்டரை எங்கிருந்து கணக்கிடுவார்கள், சுங்கக் கட்டணமும் டிரைவர் பேட்டாவும் சேர்த்தியா தனியா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். இங்கே எல்லாரும் போனில்தான் பணம் அனுப்புகிறார்கள். உங்களிடம் அந்த வசதி இல்லையென்றால் 50, 100 ரூபாய் நோட்டுகளாகக் கையில் வைத்திருங்கள். கோயில் பிராகாரத்தில் செருப்பில்லாமல் நடக்க, பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் பழைய காலுறை ஒரு ஜோடி எடுத்துவையுங்கள்.