பவளத் தொட்டியில் யாருக்கு யார் ஒத்துப்போவார்கள்?

கடல் மீனும் உயிர்ப் பவளமும் வளர்க்க வீட்டில் வைத்த தொட்டியில் உப்புநீர் நிரப்பி, கல் அடுக்கி, நாலைந்து வாரம் ஓடவிட்டாயிற்று. மீனுக்கு நஞ்சான அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டுகின்றன. களியக்காவிளை, பாறசாலை, மார்த்தாண்டம் பக்கம் இருக்கிறவர்களுக்கு அடுத்து கால் போகிற இடம் திருவனந்தபுரத்து மீன் கடை. அங்கே போவதற்கு முன் ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். எந்த மீன், எந்தப் பவளம், எந்த வரிசையில் என்பதை வீட்டிலேயே முடிவு செய்ய வேண்டும். கடையில் நின்று முடிவு செய்தால் நிறம்தான் ஜெயிக்கும்.

இந்தப் பதிவில் நான் எடுத்துக்கொள்ளும் தொட்டி 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கல்லும் மணலும் போக 150 லிட்டருக்குச் சற்று மேல் தண்ணீர் நிற்கும். முதல் தொட்டிக்கு இதைவிடச் சிறியது வேண்டாம். தண்ணீர் குறைவாக இருந்தால் எல்லாக் கோளாறும் வேகமாக வரும்.

படி 1: பவளத்தை முதலில் தீர்மானியுங்கள்

வாங்கும்போது மீன் முன்னே வரலாம், பவளம் பின்னே வரலாம். தீர்மானிக்கும்போது பவளம்தான் முதலில். மீன் ஒத்துவராவிட்டால் பிடித்து வெளியே எடுக்கலாம். கல்லில் ஒட்டிப் படர்ந்த பவளத்தை அப்படி எடுக்க முடியாது. பவளத்தைக் கொத்தும் மீன்கள் எவை என்று பட்டியலிலிருந்து அடிப்பதற்கும் பவளம் எது என்று முன்பே தெரிய வேண்டும்.

இங்கே சட்டம் ஒன்று குறுக்கே நிற்கிறது, நிற்கவும் வேண்டும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், 2001 முதல், பாறை கட்டும் கடினப்பவளங்கள் அனைத்தும் இருக்கின்றன. கருப்புப் பவளம், தீப்பவளம், ஆர்கன் பைப் பவளம், கடல் விசிறிகள், கடல் குதிரைகள், கடல் அட்டைகள் எல்லாம் அதில் அடங்கும். புலிக்கு உள்ள அதே அளவு பாதுகாப்பு இது. மன்னார் வளைகுடாவிலிருந்து ஒரு துண்டு பவளம் எடுத்து வருவது குற்றம். செத்துப்போன வெள்ளைத் துண்டை அலங்காரத்துக்கு வைத்தாலும் குற்றம்தான். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகளைச் சுற்றி இருக்கும் அந்தப் பவளத் திட்டுகள் ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காக வெட்டியெடுக்கப்பட்டு நிறைய அழிந்தன. மிச்சம் இருப்பதை நம் வரவேற்பறைக்காகத் தொடக்கூடாது. வெளிநாட்டிலிருந்து வந்தது என்று கடைக்காரர் சொன்னால், இறக்குமதிக் காகிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். காகிதம் இல்லையென்றால் வாங்காதீர்கள்.

நல்லவேளையாக, தொடக்கக்காரர்களுக்கு ஏற்றவை எல்லாமே கல் எலும்புக்கூடு இல்லாத வகைகள். மஷ்ரூம், சோவாந்திட், லெதர் ஆகிய மூன்றும் போதும். அடிக்கல்லாகவும் பவளக்கல் வேண்டாம். செயற்கையாகச் செய்த பீங்கான் கல் வாங்குங்கள். நுண்ணுயிர்கள் அதிலும் குடியேறும்.

மஷ்ரூம் தட்டையாக, காளான் குடை போல விரியும். மங்கிய வெளிச்சம், மெதுவான நீரோட்டம் போதும். தொட்டியின் அடியில் ஓரமாக வையுங்கள். சோவாந்திட் சின்னச் சின்னப் பூக்கள் கூட்டமாக நிற்பது போல இருக்கும். நடு உயரத்தில் வளரும். தோல் போலத் தடித்த லெதருக்கு மேல்பகுதியும் நல்ல நீரோட்டமும் பிடிக்கும். லெதர் சில சமயம் சுருங்கி, மேலே மெழுகு போல ஒரு படலம் கட்டி, சில நாள் அப்படியே இருக்கும். பயப்பட வேண்டாம். தோலை உரித்துப்போட்டுவிட்டு மறுபடி விரியும். நீரோட்டம் நன்றாக இருந்தால் படலம் சீக்கிரம் போகும்.

சோவாந்திட் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. சில வகைகளில் பாலிடாக்ஸின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் அதை வெட்டாதீர்கள். அது ஒட்டியிருக்கும் கல்லை எக்காரணம் கொண்டும் வெந்நீரில் போடவோ கொதிக்க வைக்கவோ கூடாது. அந்த ஆவி மூச்சில் போனால் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இதை அவர்களுக்கும் சொல்லி வையுங்கள்.

படி 2: பவளத்துக்குப் பவளம் இடைவெளி

அசையாமல் இருப்பதால் பவளங்கள் சாது என்று நினைக்காதீர்கள். ஒன்றையொன்று கொட்டும், மூடிப் படரும், தண்ணீரில் ரசாயனம் கலந்து பக்கத்தில் இருப்பதன் வளர்ச்சியை அடக்கும். லெதர் இந்த ரசாயனப் போரில் கெட்டி. ஃபில்டரில் ஒரு பை ஆக்டிவேட்டட் கார்பன் போட்டு மாதம் ஒருமுறை மாற்றினால் பெரும்பாலும் அடங்கும். வெவ்வேறு வகைகளுக்கு நடுவே ஒரு சாண் விடுங்கள். இன்றைய அளவுக்கு அல்ல, ஒரு வருடம் கழித்து இருக்கப்போகும் அளவுக்கு.

கிரீன் ஸ்டார் பாலிப், சீனியா ஆகிய பவளங்கள் இரண்டும் மலிவாகக் கிடைக்கும், அழகாகவும் ஆடும். ஆனால் தொட்ட கல்லையெல்லாம் பிடித்துக்கொள்ளும். வைத்தே ஆக வேண்டுமென்றால் மணல் நடுவே தனிக் கல்லில் வையுங்கள்.

பூ போல விரிந்து கொட்டும் அனிமோனி என்ற கடல் உயிர் வேண்டாம். கிளவுன் மீன் வாங்கினால் அனிமோனியும் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். பண்ணையில் பிறந்த கிளவுன் அது இல்லாமலே நன்றாக வாழும். சில சமயம் லெதரையே வீடாக்கிக்கொள்ளும். அனிமோனி இடம் பிடிக்காவிட்டால் தொட்டி முழுக்க நடந்து, வழியில் இருக்கும் பவளத்தையெல்லாம் கொட்டிவிட்டு, கடைசியில் பம்பில் சிக்கும்.

படி 3: ஒவ்வொரு மீனுக்கும் நாலு கேள்வி

பவளத்தைக் கொத்துமா? வளர்ந்தால் எவ்வளவு நீளம்? வாய்க்குள் அடங்குவதையெல்லாம் விழுங்குமா? தன் இடம் என்று சண்டை போடுமா? நோட்டில் ஒவ்வொரு மீன் பெயருக்கு எதிரே இந்த நாலுக்கும் பதில் எழுதுங்கள். பெயர்கள் தானாக அடிபடும்.

பட்டர்ஃபிளை மீன்களும் பெரிய ஏஞ்சல்களும் முதல் கேள்வியிலேயே போகும். நீல டேங் குட்டியாக இருக்கும்போது மனதைப் பறிக்கும். வளர்ந்தால் ஓர் அடி, அதற்கு 6 அடித் தொட்டி வேண்டும். லயன் மீன் பவளத்தைத் தொடாது, ஆனால் கோபி என்ற சிறு மீனையும் இறாலையும் ஒரே மூச்சில் விழுங்கும். டிரிகர் மீன் நத்தை, நண்டு ஒன்றையும் விடாது. மாண்டரின் மீன் யாரோடும் சண்டைக்குப் போகாது. ஆனால் கல்லிடுக்கில் வாழும் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத சின்னஞ்சிறு உயிர்களைத் தின்றுதான் பிழைக்கும், புதுத் தொட்டியில் பட்டினி கிடந்து சாகும்.

டாம்செல் என்ற சிறு மீன்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடையில் முதலில் கைநீட்டிக் காட்டப்படுவது அவைதான். விலை குறைவு, எதையும் தாங்கும். கருப்பு உடம்பில் மூன்று வெள்ளைப் புள்ளி உள்ள டாமினோ வளர்ந்தால் 14 செ.மீ. வரை போகும். தொட்டி முழுவதும் தனதென்று பின்னால் வரும் எல்லாரையும் விரட்டும். அதைப் பிடிக்கக் கல்லையெல்லாம் கலைக்க வேண்டியிருக்கும். விலையைப் பார்த்து மயங்காதீர்கள்.

அப்புறம் மிஞ்சுவது யார்? 3 அடித் தொட்டிக்கு என் பட்டியல் இது: ஒசெல்லாரிஸ் கிளவுன் ஒரு ஜோடி, மஞ்சள் வாட்ச்மேன் கோபி ஒன்று, பஜாமா கார்டினல் ஒன்று, ஃபயர் மீன் ஒன்று. ஐந்தோடு நிறுத்துங்கள்.

கிளவுனைப் பண்ணை மீனாகக் கேட்டு வாங்குங்கள். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் விழிஞ்ஞத்திலும் ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரிலும் கிளவுனைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் முறையை உருவாக்கியிருக்கிறது. பண்ணை மீன் தூள் தீனிக்குப் பழகியிருக்கும், நோயும் குறைவு, கடலில் ஒன்றும் குறையாது. இரண்டையும் வேறுவேறு அளவில் எடுங்கள். கிளவுன்கள் எல்லாம் ஆணாகத்தான் தொடங்கும். பெரியது பெண்ணாக மாறும். அளவு வித்தியாசம் இருந்தால் யார் பெரியவர் என்ற சண்டை சீக்கிரம் முடியும்.

கோபியோடு ஒரு பிஸ்டல் இறாலையும் சேர்த்துவிடுங்கள். இந்தத் தொட்டியில் நான் மிகவும் விரும்பிப் பார்ப்பது இவர்களைத்தான். இறாலுக்குப் பார்வை மங்கல். நாள் முழுக்க வளை தோண்டும். கோபி வாசலில் காவல் நிற்கும். இறால் தன் மீசையை மீனின் உடம்பில் தொட்டபடியே வெளியே வரும். ஆபத்து என்றால் கோபி வாலை உதறும், இருவரும் உள்ளே போய்விடுவார்கள். இவர்களை வளர்ப்பதென்றால் கல்லை மணல்மேல் வைக்கக்கூடாது. முதலில் கண்ணாடித் தரையில் கல், பிறகு சுற்றிலும் மணல். இல்லாவிட்டால் இறால் தோண்டத் தோண்டக் கல் சரியும்.

ஃபயர் மீன் துள்ளும். மேலே வலை மூடி கட்டாயம்.

படி 4: விடும் வரிசை

பஸ்ஸில் முதலில் ஏறியவர் சன்னல் ஓரத்தைப் பிடித்துக்கொள்வது போலத்தான் மீனும். ஆகவே பயந்தவர் முதலில், தைரியசாலி கடைசியில். நத்தைகளும் துப்புரவு நண்டுகளும் முதல் வாரம். பிறகு கோபியும் இறாலும், அதன் பின் ஃபயர் மீன், கார்டினல், கடைசியாகக் கிளவுன் ஜோடி. ஒவ்வொரு முறைக்கும் நடுவே இரண்டு மூன்று வாரம். மஷ்ரூமை இரண்டாம் மாதம் வைக்கலாம். சோவாந்திட், லெதர் அதற்குப் பின்.

கடையில், "சேட்டா, இது தீனி எடுக்குதா, கொஞ்சம் போட்டுக் காட்டுங்க" என்று கேளுங்கள். தின்னாத மீனை வாங்காதீர்கள். வாங்கிய மீனைத் தனித் தொட்டியில் ஒரு மாதம் வைத்துப் பாருங்கள். செம்பு கலந்த மருந்து கொடுப்பதென்றால் அங்கேதான். பவளத் தொட்டியில் செம்பு விழுந்தால் இறாலும் நத்தையும் பவளமும் போய்விடும்.

படி 5: நம் ஊர்த் தண்ணீரும் வெயிலும்

உப்படர்த்தி 1.025, வெப்பம் 25 முதல் 27 டிகிரி, நைட்ரேட் லிட்டருக்கு 10 மி.கி.-ஐ ஒட்டி. இந்த மூன்றும் நிலையாக இருந்தால் மேலே சொன்ன கூட்டம் நிம்மதியாக இருக்கும். கிணற்று நீரை அப்படியே ஊற்றாதீர்கள், ஆர்.ஓ. நீரில் உப்பு கலக்குங்கள். மார்ச், ஏப்ரலில் மின்விசிறியைத் தண்ணீர்மேல் ஓடவிட்டால் சூடு இரண்டு டிகிரி குறையும். ஆனால் காற்றில் ஈரம் ஏறிய நாட்களில் அது அவ்வளவு உதவாது, அப்போது தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர்தான் வழி. ஆவியாகிக் குறையும் அளவுக்கு உப்பில்லாத ஆர்.ஓ. நீரையே ஊற்றுங்கள், உப்பு ஆவியாகாது. ஜூனில் காற்றும் மழையும் கரண்டைக் கொண்டுபோகும். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு மீன் மற்றதை ஓயாமல் விரட்டினால், விளக்கை அணைத்துவிட்டு இரவில் பிடியுங்கள், அல்லது தீனி வைத்த பிளாஸ்டிக் பொறி போடுங்கள். வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், இல்லையென்றால் பெரிய தொட்டி வைத்திருக்கும் நண்பருக்கு. குளச்சலிலோ விழிஞ்ஞத்திலோ கொண்டுபோய்க் கடலில் விடாதீர்கள். நம் பக்கத்துக் கடல் இனமான லயன் மீன் 1985-இல் ஃப்ளோரிடா கடலோரத்தில் முதன்முதலாகத் தென்பட்டது. மீன் தொட்டிகளிலிருந்து விடப்பட்டு அங்கே பரவியதாகவே கருதப்படுகிறது. இன்று கரீபியன் முழுக்க அங்குள்ள சிறு மீன்களைத் தின்று கொழுக்கிறது.