மலைவீட்டு விறகு அடுப்பில் பேஃபிள் உடைந்தால்

வெளிநாட்டிலிருந்து திரும்பி கோத்தகிரியிலோ குன்னூரிலோ வீடு பிடிப்பவர்களுக்கு, கண்ணாடிக் கதவு போட்ட விறகு அடுப்பைப் பார்த்ததுமே மனசு நிறைந்துவிடும். டிசம்பரில் உறைபனி இறங்கும்போதுதான் உள்ளே குனிந்து பார்ப்பார்கள். மேலே படுக்கையாக இருக்கும் பலகை இரண்டாகப் பிளந்திருக்கும். அதுதான் பேஃபிள். புகை நேராகக் குழாய்க்குள் ஓடாமல் தடுத்து, தீக்கு மேலேயே இன்னொரு சுற்று எரிய வைப்பது அதன் வேலை. அது இல்லாவிட்டால் விறகு மளமளவென்று தீரும், அறை சூடாகாது, புகைக்குழாய் மட்டும் தகிக்கும். லேசான விரிசல் என்றால் கவலை இல்லை. துண்டு பெயர்ந்து விழுந்தால்தான் மாற்ற வேண்டும்.

அடுப்பு செய்த கம்பெனியிடமிருந்து வரவழைத்தால் பலகையைவிடக் கப்பல் கூலி அதிகமாகும். அதற்கு அவசியமும் இல்லை. கணபதி, பீளமேடு, குறிச்சி என்று கோவை முழுக்க வார்ப்படப் பட்டறைகள். அவற்றின் உலைகளுக்கு உள்ளே போடுகிற அதே சாமான்தான் நமக்கும் வேண்டும். உலைச் சாமான் விற்கிற கடையில், "அண்ணா, ஃபர்னஸுக்குப் போடுற செராமிக் ஃபைபர் போர்டு, ஒரு இன்ச், ஒரு ஷீட்" என்று கேளுங்கள். எத்தனை டிகிரி என்பார்கள். 1260 என்று சொன்னால் போதும். வழக்கமாக ஒரு ஷீட் 1000 × 500 மி.மீ. இருக்கும். உங்கள் அடுப்பு சிறியதென்றால் பக்கத்து வீட்டுக்காரரோடு பங்கு போடலாம். கொடைக்கானல்காரர்கள் போனில் சொல்லி பார்சல் லாரியில் போடச் சொல்லலாம்.

கடைக்குப் போகும் முன் உடைந்த துண்டுகளை அட்டையில் வைத்து வரைந்துகொள்ளுங்கள். பழைய பலகையின் கனத்தை மாற்ற வேண்டாம், மேலே ஒரு இன்ச் என்றது ஓர் உதாரணம்தான்; உங்கள் பலகையின் கனத்தையே கேளுங்கள். கனம் கூடினால் புகை போகும் இடுக்கு குறைந்து, புகையும் கார்பன் மோனாக்சைடும் அறைக்குள் திரும்பும். சுற்றிலும் 3 மி.மீ. விட்டு வெட்டுங்கள், சூட்டில் இரும்பு விரியும். சாதாரண ரம்பமே போதும். ஆனால் தூசி நுரையீரலுக்கு ஆகாது: வெளியே வைத்து, தண்ணீர் தெளித்து, என்95 மாஸ்க்கோடு வெட்டுங்கள். எரிந்து பழசான செராமிக் பலகையைக் கழற்றும்போதும் இதே கவனம் வேண்டும், சொல்லப்போனால் இன்னும் கூடுதலாக.

தங்க நிறத்தில் மினுமினுக்கும் பலகை என்றால் அது வெர்மிகுலைட் என்ற கனிமத்தில் செய்தது. அதே ரகம் கிடைத்தால் அதையே வாங்குங்கள், செராமிக் போர்டைவிடக் கெட்டி. செராமிக் போர்டு மெத்து. கட்டையை முட்டவிட்டால் பள்ளம் விழுந்துவிடும். பழசு இரும்புத் தகடாக இருந்தால் வேலை இன்னும் சுலபம்: உள்ளூர் வெல்டிங் பட்டறையில் அதே கனத்தில் வெட்டித் தருவார்கள். நாளாவட்டத்தில் தொய்யும், அப்போது திருப்பிப் போட்டு இன்னும் கொஞ்ச காலம் ஓட்டலாம். ஃபயர் பிரிக் மலிவுதான், ஆனால் தாங்கும் விளிம்பு பலமாக இருந்தால் மட்டும். சிமென்ட் ஷீட், ஆஸ்பெஸ்டாஸ், ஜிப்சம் போர்டு எதையும் உள்ளே வைக்கவே வேண்டாம், கொத்தனார் எவ்வளவு சத்தியம் செய்தாலும்.

மாட்டுவது எளிது. ஒரு பக்கத்தைத் தூக்கிச் சாய்த்து, மறுபக்கத்தை விளிம்பில் உட்கார வைக்க வேண்டும். கதவு வழியாக நுழையாவிட்டால் இரண்டு துண்டாக வெட்டிச் சேர்த்து வைக்கலாம். முதலில் இரண்டு மூன்று தடவை தேயிலை மிலாறு (கவாத்து செய்த குச்சி) போட்டுச் சின்னதாக எரித்து ஈரத்தை விரட்டுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள், நாற்றம் வரும். அப்புறமும் கண்ணாடி கறுத்தால் பலகையைக் குறை சொல்லாதீர்கள், விறகில் ஈரம் இருக்கும். கற்பூர மரமானாலும் (யூகலிப்டஸ்) சீகையானாலும் (வாட்டில்) ஜனவரி வெயிலிலேயே பிளந்து, மழைக்கு முன் கூரைக்கடியில் அடுக்கிவிடுங்கள்.