செயற்கைக்கோள் படத்தில் கடற்கரைச் சதுப்பு: மலைப்பழக்கம் தரும் தவறுகள்

ஊட்டி, கோத்தகிரிப் பக்கத்துப் படங்களைப் பார்த்துப் பழகியவர்கள் அலையாத்திக் காடுள்ள முத்துப்பேட்டைக் கடற்கரையைத் திரையில் திறந்ததும் தடுமாறுவார்கள். மலையில் சரிவைப் பார்த்தே பாதி விஷயம் புரியும். கடற்கரையில் படம் எடுத்த தேதி தெரியாமல் எதுவும் புரியாது.

மே மாதப் படத்தில் வேதாரண்யம் சதுப்பின் பெரும்பகுதி உப்புப் பூத்த வெள்ளைச் சேற்றுவெளியாகத் தெரியும். உடனே ‘சதுப்பு அழிந்தது’ என்று எழுதிவிட வேண்டாம். அங்கே மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஜனவரி, பிப்ரவரியில் நீரும் நிற்கும், மேகமும் விலகும். இரண்டு ஆண்டுகளை ஒப்பிட்டால் இரண்டுக்கும் ஒரே மாதப் படம்தான் வேண்டும். கூகுள் எர்த்தில் பக்கத்துப் பக்கத்துத் துண்டுகளே வேறு வேறு தேதியாக இருக்கும். கடல் நிறம் கோடு போட்டது போல மாறினால் அது ஒட்டு, நீரோட்டமல்ல.

பெரிய தவறு உயரத்தில். தொட்டபெட்டா 2,637 மீட்டர். விண்ணிலிருந்து ரேடாரால் அளந்த எஸ்ஆர்டிஎம் உயரத் தரவு ஐந்து மீட்டர் பிசகினாலும் அங்கே குடிமுழுகாது. அலையாத்திக் காட்டிலோ அரை மீட்டர் ஏற்ற இறக்கம்தான் எந்தச் செடி வளரும் என்பதை முடிவு செய்கிறது. போதாததற்கு, அந்த ரேடார் அடர்ந்த மரத்தலைப்புக்குக் கீழே தரை வரை சரியாக எட்டுவதில்லை. காடே மேடாகப் பதிவாகிவிடும். அதை வைத்து வெள்ள வரைபடம் போடுவது வீண் வேலை.

சென்டினல்-2 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோளின் படத்தில் 8, 4, 3 பட்டைகளை (அண்மை அகச்சிவப்பு, சிவப்பு, பச்சை ஒளி) சேர்த்தால் அலையாத்தி சிவப்பாகத் தெரியும். சவுக்குத் தோப்பும் சிவப்புதான். இங்கே மட்டும் மலைப்பழக்கம் கைகொடுக்கும்: சீகை (வாட்டில்), கற்பூர மர (யூகலிப்டஸ்) தோட்டங்களைப் போலவே சவுக்குக்கும் ஓரம் நேர்க்கோடாக இருக்கும், அடியில் மணல். அலையாத்தி கழியின் வளைவோடு போகும். நீர்க் குறியீட்டை (பச்சை கழித்தல் அண்மை அகச்சிவப்பு, வகுத்தல் இரண்டின் கூட்டுத்தொகை) மட்டும் நம்பினால், மலையில் பள்ளத்தாக்கு நிழல் ஏரியாகிவிடும்; கடற்கரையில் மேக நிழல் அதே வேலையைச் செய்யும். மரம் மூடிய நீரோ கணக்கிலேயே வராது.

மீனவர் குப்பங்களில் படகு எண்ணுவதற்கு சென்டினல் உதவாது. அதன் ஒரு புள்ளியே 10 மீட்டர். ஃபைபர் படகு அதற்குள் அடங்கிவிடும். துல்லியமான படம் கிடைத்தாலும் தேதியைப் பாருங்கள்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அப்போது விசைப்படகுகள் துறைமுகத்தில் நெருக்கியடித்து நிற்கும். மற்ற மாதங்களில் பல படகுகள் கடலில் இருக்கும்.